லட்லோ சந்தையில் என் சப்பாத்து

அன்புள்ள சுபாங்கி,

கனடாவில், அஜின்கோர்ட்டில் நீரும் பிள்ளைகளும் சுகம்தானே? உம்முடைய முழங்கால் நோ குறைந்ததா? இங்கிலாந்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு லட்லோவுக்குப் போனேன். மலைகளுக்குக் கிட்டவுள்ள ஊர். கோட்டை வாசலிலேயே சந்தை. சாய்ந்து நிற்கும் பழைய மரச்சட்ட வீடுகளில் இன்னும் சனம் குடியிருக்கிறது. என்ன அழகு!

அங்குள்ள தேவாலயத்துக்குள் பழக்கதோஷத்தில் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டுப் போனேன். திரும்பினால் காணவில்லை. பக்கத்துப் பழைய சாமான் கடைக்காரி, யாரோ தானமாக வைத்ததென்று நினைத்து விற்பனைக்கு அடுக்கியிருந்தா! சிரித்தபடி துடைத்துத் தந்தா.

தேவாலயத்துக் கல்நிலம் சரியான குளிர். என் தடித்த சொக்ஸ் அனுப்பும். இங்கும் வாங்கலாம்தான், நீர் மடித்து வைத்ததே வேண்டும்.

கோயில் வாசலில், "நீங்கள் உள்ளே போய்ட்டு வாங்கோ, சப்பாத்தை நான் பாக்கிறன்" என்பீர். இங்கே அதைச் சொல்ல ஆளில்லை.

பஸ் வந்துவிட்டது.

பிரியந்தன்