இரண்டு கதவுக் கார்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் மற்றதெல்லாம் நலம். நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளாதே, எனக்கிருக்கிற கோபமே நம் இரண்டு பேருக்கும் போதும்.

நீ இரண்டு கார்களின் விவரத்தை அனுப்பி எதை வாங்கலாம் என்று கேட்டாலும் கேட்டாய், மனுஷன் மூன்று வாரமாக ஒரு வேலைக்கும் ஆகவில்லை. பட்டறையை மூடி ஆறு வருடமாகியும் மெக்கானிக் புத்தி போகுமா? நான் துணி வெட்டுகிற மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டு, நோட்டில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் நாலு கதவுக் கார், மறுபக்கம் இரண்டு கதவுக் கார். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு ஆறரை வினாடி, இதற்கு ஐந்தே கால். டர்போவில் கொஞ்சம் கைவைத்தால் ஐந்துக்குள் வந்துவிடுமாம். சக்கரம், சைலன்சரை மாற்றினால் கழற்றியதைத் தூக்கிப்போடக் கூடாதாம், விற்கும்போது பழையதை மாட்டிக் கொடுத்தால்தான் விலை நிற்குமாம். தூக்கத்தில்கூட இதே பேச்சு. கடைசியில் மூன்று வருடம் கழித்தும் நல்ல விலைக்குப் போவது இரண்டு கதவுதான் என்று போன ஞாயிறு உனக்குத் தீர்ப்பு எழுதி அனுப்பினார். நீயும் குதித்துக்கொண்டு, இந்த வாரமே முன்பணம் கட்டுகிறேன் என்றாய்.

அதோடு விட்டாரா? அந்தக் காரைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று மறுநாள் என்னையும் தையலைப் போட்டது போட்டபடி ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போனார். முன்சீட்டை மடக்கிப் பின்னால் நுழைந்தவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். கால் மடங்கவும் இல்லை, நீட்ட இடமும் இல்லை. விற்பனைக்கு நின்ற பெண்ணும் காவலாளியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே எடுத்தார்கள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து நான் அளந்தேன், சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒன்பது அங்குலம். ஒரு சின்னப் பிள்ளைக்குத்தான் காணும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடி அவர், "அவன்கிட்ட எதுவும் சொல்லாத, நான்தானே அந்த வண்டியச் சொன்னேன், அவன் வீட்டுக்குப் போனப்புறம் நாம வாடகைக்கு வண்டி பிடிச்சுப் போய்க்கலாம்" என்றார்.

வருடம் பிறந்ததும் வந்து எங்களோடேயே இருங்கள் என்று கூப்பிட்டவன் நீதானே? முன்சீட்டில் நீயும் மருமகளும் உட்கார்ந்தால் நாங்கள் எங்கே உட்காருவது? அந்த மனுஷன் இத்தனை கணக்குப் போட்டவர் தன்னைச் சேர்க்க மறந்துவிட்டார், அது அவருடைய பிறவிக் குணம். நீ மறந்தாயா, நினைத்துப் பார்க்கவே இல்லையா என்றுதான் மூன்று நாளாக மெஷினில் உட்கார்ந்து யோசிக்கிறேன். நேற்று ஒரு ரவிக்கையில் இரண்டு கையையும் ஒரே பக்கம் தைத்து வைத்திருக்கிறேன்.

எந்தக் காரை வேண்டுமானாலும் வாங்கு, ஓட்டப்போவது நீ. ஆனால் வீட்டைக் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். சொல்லட்டுமா, வேண்டாமா?

இரண்டு பேரும் நூறு வருடம் நன்றாக இருங்கள். வேகமாகப் போகாதே, பெல்ட் போட்டுக்கொள். பதிலை மட்டும் எனக்கு எழுது. அப்பாவுக்கு எழுதினால், வர வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாலும் அவர் உன் பக்கமே பேசுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா