குண்டு துளைக்காத கூறை

மச்சாள்,

இன்று சாவகச்சேரியில் ஒரு வங்கிக்குப் போனோம். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். "குண்டு துளைக்காததாம் அம்மா," என்று மகள் அதைத் தட்டிப் பார்த்தாள். போன வேலையை விட்டுவிட்டு அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சொல்லை முதலில் உங்கள் வாயில்தானே கேட்டேன்.

தலைப்பிள்ளைப் பேற்றுக்கு நான் கொடிகாமத்துக்கு, நீங்கள் அண்ணையைக் கட்டி வந்திருந்த என் தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். சண்டைக்காலம்; ஆமி ஹெலி நாள்தோறும் வானத்தில் சுற்றிச் சுட்டது. அந்தச் சத்தத்துக்கு வயிற்றுப்பிள்ளை அசையாமல் கிடக்கும். நான் செத்துச் செத்துப் பிழைப்பேன். அண்ணை நாங்கள் பதுங்க முற்றத்தில் பங்கர்க் குழி வெட்டிப் பனங்குற்றி அடுக்கினார். மண் நிரப்பச் சாக்கு இல்லை. ஊரெல்லாம் சேலையை மூட்டையாகத் தைத்தார்கள். நூல் சேலைகள் முடிந்ததும் நீங்கள் உங்கள் கலியாணக் கூறைச் சேலையை எடுத்தீர்கள்.

"ஐயோ பிள்ளை, கூறையிலை ஆரும் மண் அள்ளிப் போடுவினமோ?" அம்மா பதறினார்.

"பட்டு இறுக்கம் மாமி, மண் ஒழுகாது. இதுதான் குண்டு துளைக்காத சேலை," என்று சிரித்தபடி வெட்டாமல் மடித்துத் தைத்தீர்கள். பிறகு உங்களுக்கு எல்லாமே குண்டு துளைக்காததுதான்: நான் அவித்த புட்டும், அண்ணையின் தலையும்.

ஒருநாள் பயம் தாங்காமல் கேட்டேன். "மச்சாள், உண்மையாத் துளைக்காதோ?"

உங்கள் சிரிப்பு நின்றது. "துளைக்காதெண்டா குண்டு வராதெண்டில்லை. வந்தது அதுக்குள்ளையே நிண்டிடும். அவ்வளவுதான்."

கூறை மூட்டையைப் பங்கர் வாசலில் வைக்கச் சொன்னேன். "உம்மடை பக்கந்தானே ரெண்டு உயிர்," என்று என் முதுகுக்குப் பின்னால் வைத்தீர்கள். வாசலுக்கு நூல் சேலை மூட்டை. அது மழையில் இற்று, மண் ஒழுகி, பாதியாய் வற்றியதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

அன்று காலை ஹெலி பனைகளுக்கு மேலே பதிந்து வந்தது. அம்மாவையும் என்னையும் உள்ளே தள்ளிவிட்டு நீங்கள் வாசலோடு குந்தினீர்கள். "காதைப் பொத்தும்!" என்றீர்கள். பொத்தினேன். கையை எடுத்தபோது, வாசல் மூட்டையைத் துளைத்து வந்த குண்டு பட்டு நீங்கள் என் மடியில் சரிந்து கிடந்தீர்கள்.

சுமங்கலியைக் கூறை உடுத்தித்தான் சுடலைக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அம்மா மூட்டையைப் பிரிக்கப் போனார். அண்ணை விடவில்லை. "வேண்டாமம்மா. அவள் வச்ச இடத்திலையே கிடக்கட்டும். பிள்ளை பிறக்கட்டும்." நீங்கள் வேறு சேலையில் போனீர்கள்.

மகள் பிறந்த பிறகுதான் தையலைப் பிரித்தேன். இடம்பெயர்ந்தபோதெல்லாம் எதையெதையோ விட்டேன், கூறையை விடவில்லை. இப்போதும் வானத்தில் ஏதாவது இரைந்தால் அவளை என் பக்கம் இழுத்துவிடுகிறேன். வங்கியிலிருந்து வந்ததும் கூறையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். நீங்கள் தைத்த ஊசித் துளைகள்தான் இருக்கின்றன, மச்சாள். வேறொன்றும் இல்லை.