போடிமெட்டு வளைவில் நின்ற பச்சைக் கார்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

கொடைக்கானல் மலையில் டி.வி. டவர் வந்துவிட்டது. பெரியகுளத்தில் டி.வி. உள்ள வீடுகளில் சாயங்காலமானால் கூட்டம். மதினி மட்டும் வேண்டாம் என்கிறார். நாம் பிறந்த தோப்பு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். தேனியிலிருந்து ஞாயிறுதோறும் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மாமரங்கள் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தன. ஆனால் நான் சொல்ல வந்தது உன் காரைப் பற்றி.

மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்கார துரை, ஊர் திரும்பும்போது உனக்கு விற்றுவிட்டுப் போன பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் அது. மேற்கூரை கிடையாது, இரண்டே சீட். ஏலக்காய் வியாபாரத்துக்கு ஜீப் வாங்காமல் இதை ஏன் வாங்கினாய் என்று அப்பா கடைசிவரை கேட்டார். மருமகள் திறந்த வண்டியில் ஊர் பார்க்க உட்கார்ந்து போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், மதினி அதில் ஒரு தடவைகூட ஏறவில்லை.

நீ போனது நெஞ்சுவலியில் என்று டாக்டர் சொன்னார். போடிமெட்டு மலைப்பாதை வளைவு ஒன்றில் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி இருந்தாய். வலியிலும் அவ்வளவு நிதானம். ஆனால் இடதுபக்கக் கதவு திறந்து கிடந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, இறங்கிப் போனது யார்? போடியிலும் மலை மேலேயும் விசாரித்தோம். யாரும் பார்க்கவில்லை.

அன்று தோப்புக் கொட்டகையில் கொண்டுவந்து விட்ட வண்டியை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. போன ஐப்பசி மழையில் கூரை சரிந்து அதன் மேலேயே விழுந்தது. அடித்தகடு துருவேறி உதிர்ந்து, அந்த ஓட்டை வழியே புல் முளைத்திருந்தது. நான்கு சக்கரமும் மண்ணில் புதைந்திருந்தன. பழைய இரும்புக்குப் போடுவதா, சரிசெய்வதா? முடிவெடுக்கத் தேனியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன்.

அவர் சரிந்த கூரையை விலக்கி, பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்தார். முகம் மாறிவிட்டது. ஆயில் புதிதாக, தேன் நிறத்தில் இருந்தது. எஞ்சின் மேல் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“யக்கா, இதை யாரு ஓட்டுறாக?”

“ஓட்டவா? சக்கரத்தைப் பாருங்க.”

“பாத்தேன். அதான் கேக்குறேன். தொட்டுப் பாருங்க, சூடா இருக்கு.”

தொட்டேன். மார்கழிக் காலை, மாமர நிழலில் கிடந்த இரும்பு. அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமே ஆன பாத்திரம்போல இருந்தது.

காபி டம்ளரோடு வந்த மதினியிடம் சொன்னோம். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“விடியக்காலைல மலைப்பக்கம் வண்டிச் சத்தம் கேக்கும். அப்படியே தோப்புக்குள்ள வந்து நின்னுரும். நான் கதவைத் திறக்க மாட்டேன்.”

“இத்தனை வருசமா ஏன் மதினி சொல்லலை?”

“சொன்னா வண்டியை இங்கன இருந்து எடுத்துருவீக.”

“ஒரு தடவை திறந்து பாத்திருக்கலாம்ல?”

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அவுக மட்டும்னா பாத்திருப்பேன். பக்கத்துல யாராச்சும் இருந்தா?”

இரும்புக் கடைக்கே கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மெக்கானிக்கும் தலையாட்டினார். மதினிதான் முந்திக்கொண்டார்.

“சரி பண்ணுங்க தம்பி. ரெண்டு சீட்டும் நல்லாத் தச்சுக் குடுங்க. ஒரு தடவை நானும் மலைக்குப் போகணும். இப்பத் தடுக்க அத்தை இல்லைல.”

அண்ணே, போன வாரம் எஞ்சினைக் கழற்றி லாரியில் ஏற்றித் தேனிப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொட்டகையில் நிற்பது வெறும் கூடு. நேற்று மதினியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். இன்னும் சத்தம் வருகிறதாம். கொட்டகைவரை போவதில்லையாம், அவர் படுத்திருக்கும் அறை ஜன்னலுக்குக் கீழேயே வந்து நிற்கிறதாம்.

அவரை அழைக்கவா வருகிறாய்? இல்லை, சொல்லாமல் போன எதையோ சொல்ல வருகிறாயா?

வண்டி தயாரானதும், மெக்கானிக் ஓட்ட மறுத்தாலும், நானே ஓட்டக் கற்றுக்கொண்டு மதினியைப் பட்டப்பகலில் அந்த வளைவுக்குக் கூட்டி வருகிறேன். இது சத்தியம். அவரைத் திருப்பிக் கூட்டிப் போகவும்தான் வருவேன், அதையும் தெரிந்துகொள். அதுவரை பொறுத்திரு. உன் பக்கத்தில் யாராவது இருந்தால், அந்த இடத்தைக் காலிசெய்யச் சொல்.

என்றும் உன்னோடு பிறந்தவள்,
தோப்பு வீட்டுத் தங்கச்சி