அப்பாவின் குதிகால்

புதன்கிழமை, காலை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாயிருக்கிறேன். மூட்டு வலியும் என்னோடு நன்றாயிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உன் வீட்டு வாசலில் யாராவது மணி அடித்துவிடுகிறார்கள். அந்த நாட்டில் அப்படி என்னதான் விருந்தாளிகளோ! அவர் போனபோது டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். நான் நம்பினேன் என்றே வைத்துக்கொள்.

நாலு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த அடுப்பையே துடைக்கிறேன். பீரோவைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்கிறேன். இந்தப் பாராவுக்குள்ளேயே இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்தாயிற்று.

எல்லாம் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு நினைவுக் கூட்டம். தான் பேசப்போவதை நாலு பக்கம் எழுதி, தப்பிருந்தால் திருத்துங்கள் அம்மா என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் சரித்திரம் நடத்தியது, விடிவதற்குள் மைதானத்துக்குப் போய்ச் சுண்ணாம்புக் கோடு போட்டது, ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கியது எல்லாம் வரிசையாக இருந்தது. ராஜாக்களின் வருஷம் மறந்துபோய் வகுப்புப் பிள்ளைகளையே கேட்பார், ஆனால் பத்து வருஷத்துக்கு முன்னால் எவன் நானூறு மீட்டரை எத்தனை விநாடியில் ஓடினான் என்பதைப் புள்ளி பிசகாமல் சொல்வார் என்பது மட்டும் இல்லை. நான் பால் காய்ச்சுவதற்கும் ஸ்டாப் வாட்ச் பிடித்த மனிதர் என்பதும் இல்லை. சரி, அதையெல்லாம் மேடையில் சொல்வார்களா என்று விட்டுவிட்டேன்.

நாலாவது பக்கத்தில் நீ இருந்தாய். மாவட்டத் தேர்வு ஓட்டத்தில் நீ இரண்டு தடவை முந்திப் புறப்பட்டதும், பெற்ற மகளென்றும் பாராமல் அவரே உன்னைக் கோட்டிலிருந்து வெளியேற்றியதும். நேர்மைக்கு இவரைப்போல் உண்டா என்று முடித்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஊர் சொல்லிச் சொல்லிப் பழகிய கதைதான். அப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அடக்கம் என்று நினைப்பார்கள். மனிதருக்கு உள்ளுக்குள் இனித்தது, எனக்குத் தெரியும்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி. மூன்று வருஷத்துக்கு முன்னால் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன் அல்லவா? அங்கே இருந்த பெண் பெரிய கண்ணாடி முன்னால் நிறுத்தி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னாள். தூக்கினார். அவள் சிரித்துக்கொண்டே, சார், கை மேல போறதுக்கு முன்னாடியே உங்க இடது குதிகால் எழும்புது பாருங்க என்றாள். திரும்பத் தூக்கச் சொன்னாள். திரும்பவும் குதிகால்தான் முதலில் எழுந்தது. அப்பா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். தினமும் அந்த மரக் கட்டைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் படாரென்று அடித்துத்தானே உன்னை ஓடவிடுவார்? குதிகால் எழும்பும், அடுத்த கணம் சத்தம் வரும். உன் காலுக்கு அது பாடமாகிவிட்டது. மாவட்டத் தேர்வு அன்றைக்கு, வழக்கமாக ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர் வராததால் அந்த இடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். சொந்தப் பொண்ணுக்குத் தோதா அடிச்சிட்டான்னு எவனும் சொல்லிடக் கூடாதேன்னு கட்டையை அடிக்காம ஒரு நொடி கூடுதலாப் பிடிச்சேன், ரெண்டு தடவையும் பிடிச்சேன், அவ முந்தலை, என்னை நம்பி ஓடினா என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகுதான் வாராவாரம் உனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். அங்க மழையா, குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அப்பாவுக்கு என்னம்மா திடீர்னு வானிலை மேல அக்கறை என்று நீகூடக் கேட்டாய்.

அவர் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன். நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அது உனக்கும் தெரியும். அந்த ஓட்டத்தன்று சாயங்காலம் அடுப்படியில் வந்து நின்று, அப்பா குதிகாலைத் தூக்கினாரும்மா, அதைப் பாத்துத்தான் ஓடினேன் என்று நீ சொன்னாய். சாக்குச் சொல்லாதே, தப்புப் பண்ணினா ஒத்துக்கப் பழகு என்றேன் நான். மறுநாள் ஷூவைப் பரணில் போட்டாய். அப்புறம் பஸ்ஸைப் பிடிக்கக்கூட நீ ஓடி நான் பார்த்ததில்லை.

அப்பா அழுதபோது, அவ அன்னிக்கே சொன்னா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அப்ப நீ ஏன் எங்கிட்ட சொல்லலைன்னு கேட்பாரே என்று விழுங்கிவிட்டேன். உனக்கு எதுவுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டே அவர் போய்விட்டார்.

அந்த நாலாவது பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். கூட்டத்துல அதுதாம்மா முக்கியமான இடம், அதை எடுத்துட்டா சார் சாதாரண வாத்தியார் ஆயிடுவாரே என்றார் தலைமையாசிரியர். போன மனிதரின் பேரை நானே கெடுப்பதா, இல்லை பெற்ற பெண்ணை இன்னொரு தடவை ஊர் முன்னால் வெளியேற்ற விடுவதா? உன்னைக் கேட்டால் விடும்மா என்பாய். அதனால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்

கூட்டத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். புடவைகூட மாற்றவில்லை.

தலைமையாசிரியர் மூன்றாவது பக்கத்தை முடிக்கும்போதே எழுந்து மேடைக்குப் போய்விட்டேன். மைக் எனக்கு எட்டவில்லை. யாரோ இறக்கிக் கொடுத்தார்கள். கண்ணாடி, குதிகால், ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் பொண்ணு முந்தி ஓடலை, அவர் சாகறதுக்கு முன்னாடி அவருக்கே தெரியும் என்றேன். முன் வரிசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பின் வரிசையிலிருந்து பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் எழுந்தார். உனக்கு முந்தின வருஷத்துப் பையன்தான், இப்போது தலை நரைத்துவிட்டது. அம்மா, சாரோட குதிகால் எங்க எல்லாருக்கும் தெரியும், நாங்க யாரும் சத்தத்துக்கு ஓடினதே இல்ல, அதனாலதான் வெளியூர்ல போயி கடைசியா நின்னோம் என்றார். ஹாலே சிரித்தது. அப்புறம் குரலை இறக்கி, அன்னிக்கே ஒருத்தராவது சொல்லியிருக்கணும், சார்கிட்ட போய் யார் சொல்றது என்று உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியர் நாலாவது பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் என் கையைப் பிடித்துத் தைரியசாலி என்றார்கள். எனக்கு உடம்பு கூசியது. நீ சொன்னதைச் சாக்கு என்றேனே, அதை மட்டும் மேடையில் சொல்லவில்லை. அப்பாவாவது தெரியாமல் செய்தார். நான் உன் வாயால் கேட்டுவிட்டுச் செய்தேன்.

நாளைக் காலை முதல் வேலையாக இதைத் தபாலில் போட்டுவிடுவேன். நீ நூறு வயது நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும், பேத்தி உன்னிடம் எதைச் சொன்னாலும் நீ கேட்கவேண்டும்.

மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தடவை அடித்தேன். அது வேண்டாம். அன்றைக்கு அடுப்படியில் நீ சொல்ல வந்ததை எனக்கு இன்னொரு தடவை முதலிலிருந்து சொல். எவ்வளவு நேரமானாலும் சரி, குறுக்கே பேசமாட்டேன்.

காத்திருக்கும்,
அம்மா