அப்பாவிடம் ஒரு சந்தேகம் கேள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. உன் மேல் கோபமாக இருக்கிறேன். போனில் சொன்னால் நீ கீபோர்டைத் தட்டிக்கொண்டே "ம்ம், ம்ம்" என்பாய். அப்பாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனால்தான் காகிதம். முழுக்கப் படி.

பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷன் பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டு இருக்கலாம். இவர் மோட்டாரும் ஒயரும் வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். உன்னிடம் நான் புலம்பாத நாள் உண்டா? கரண்டியைத் தேடினால் ஸ்க்ரூடிரைவர் கையில் வரும். கடைசியில் ஒரு குட்டி வண்டி செய்தார். ஆள் நடந்தால் பின்னாலேயே வரும், அவ்வளவுதான். பெருக்காது, துடைக்காது. நான் பெருக்கினால் வந்து குப்பை மேல் ஏறி நிற்கும். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு உறுமும். காலமெல்லாம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டினவர் செய்த வண்டியா இது என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். வேலைக்குப் போன காலத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை ஆனால் நூலக மாடியில் ஒரு கூட்டம். இதே கிறுக்குப் பிடித்த கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர், நடுவில் இவர். கம்ப்யூட்டருக்குள்ளும் டிரைவர் என்று ஒன்று இருக்கிறதாமே? அதனால் இவரை "டிரைவர் சார்" என்று கூப்பிடுவதில் அந்தப் பிள்ளைகளுக்கு இரட்டைச் சந்தோஷமாம். இஸ்திரி போட்ட சட்டையில்தான் போவார்.

உன் அத்தை வந்திருந்தாள். வண்டி அவள் பின்னாலேயே போக, சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அண்ணனுக்கு மறை கழண்டுபோச்சு, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். பள்ளிக்கூடம் போகும் வயதில் நீ ரேடியோவைப் பிரித்துப் போட்டபோதும் இதே அத்தை, இதே வார்த்தைதான். இன்றைக்கு உனக்குச் சம்பளம் வருகிறது, அவன் அப்பவே மூளைக்காரன் என்கிறாள். காசு வந்தால் மூளை, வராவிட்டால் மறை கழண்ட கேஸ். போகட்டும், அவள் நாக்கு அப்படி. அப்பாவும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீ சொன்னதுதான் தாங்கவில்லை.

வண்டிக்கு மூளை மாதிரி உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் போர்டு உன் கம்பெனிச் சாமான். மகன் கம்பெனி என்று தேடி வாங்கினார். ரிவர்ஸ் ஏன் வரவில்லை என்று உங்கள் ஆட்கள் பதில் சொல்லும் இணையப் பக்கத்தில் கேட்டு எழுதினார். டிப்போ மேனேஜருக்கு லீவு லெட்டர் எழுதிப் பழகின கை. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, "என் மகனும் தங்கள் நிறுவனத்தில்தான் பணிபுரிகிறான்" என்று உன் பெயரையும் போட்டு, "தங்கள் உண்மையுள்ள" என்று முடித்தார். உன் ஆபீசில் அதைப் படம் பிடித்து ஆளுக்கு ஆள் அனுப்பிச் சிரித்தார்களாம். நீ உடனே போன் செய்தாய். ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன்.

"அப்பா, இனிமே அங்க எதுவும் எழுதாதீங்க. எனக்கு மானம் போகுது."

"சரிப்பா, தெரியாம செஞ்சுட்டேன்" என்றார்.

அன்றைக்கே எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டார். அந்தப் பிள்ளைகள் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். முதுகுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது மேஜை துடைத்துவிட்டது போல் இருக்கிறது. நான் கேட்டதும் இதைத்தான். கிடைத்த பிறகு பார்க்கச் சகிக்கவில்லை.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறதடா. விவரம் தெரியாதவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உங்களுக்கு என்ன கேடு? பொழுதெல்லாம் அந்த ஒயரோடு கிடக்கிறவர்கள்தானே நீங்களும்? நீயும் அவரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். அவர் அதை ஆசைக்குச் செய்தார், நீ சம்பளத்துக்குச் செய்கிறாய். இதில் யாருக்கு யாரால் மானம் போயிற்று?

மன்னிப்புக் கேட்கிறேன் என்று மட்டும் கூப்பிடாதே. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரு சந்தேகம் கேள். வண்டி எப்படி ஆளைக் கண்டுபிடித்துப் பின்னால் வருகிறது என்று கேள். உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் கேள். தப்பாகச் சொன்னாலும் நடுவில் திருத்தாதே. கீபோர்டைத் தட்டாதே.

எனக்கு வேறு குறை இல்லை. பெருக்கும்போது மட்டும், வண்டியை மிதித்துவிடக் கூடாதே என்று இன்னமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

நீ நன்றாக இருப்பாய். நாளைக்கு உனக்கென்று ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, உன்னால் மானம் போகிறது என்று ஒருநாளும் சொல்லாமல் இருக்கட்டும்.

சனிக்கிழமைக்கு முன்னால் கூப்பிடு. அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா