எனக்குத் தம்பி இல்லை

அன்பு மகளுக்கு,

நீ முதன்முதல் தனியாக விமானம் ஓட்டிய செய்தி கேட்டு, பாண்டிருப்புக் கோயிலில் அர்ச்சனை செய்தேன். பட்டப்படிப்பு முடியும்போது நீ விமானப்படை அதிகாரி என்று அப்பா சந்தையெல்லாம் சொல்லித் திரிகிறார்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை. அதிகாரியாக்க முன் உன்னைப் பற்றிய விசாரணையாம். தேத்தண்ணி கொடுத்தேன்.

"அம்மா, உங்களுக்கு ஒரு தம்பி இருந்தவர்தானே?" என்று ஒருவர் கேட்டார்.

தம்பியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ப் பதினெட்டு வருடம். யார் கொண்டுபோனது என்று இதில் எழுதமாட்டேன். அவன் எங்கே என்று கேட்டு நான் ஏறாத அலுவலகம் இல்லை.

"இல்ல ஐயா, நான் ஒரே பிள்ளை" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு ஒரு படத்தை மேசையில் வைத்தார். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகக் கல்முனையில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் நான் தம்பியின் படத்தோடு நிற்கிறேன். பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு நீ.

"வடிவான பிள்ள. அடுத்த கிழமை அவவோடயும் கதைப்பம்" என்று சிரித்துக்கொண்டே எழும்பினார்.

மகள், எனக்காக நீயும் பொய் சொல்லாதே. உண்மை சொன்னால் உன்னைப் பறக்க விடாமல் போகலாம். அதற்கு மேலும் வரலாம். கேட்டால், எனக்கொரு மாமா இருக்கிறார் என்று சொல். இருந்தவர் என்று சொல்லாதே.

உன் அம்மா