சீராக வந்த ஒயர்

அண்ணா,

இன்று காலை எதிர் மனையில் பழைய ஒயர்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். மேல் உறை எரிந்துபோனால் செம்பு தனியாக நிற்கும், எடைக்குப் போடலாம். அந்த நாற்றம் ஜன்னல் வழியே வந்ததும் அடுப்பில் பால் இருந்ததை மறந்து மாடி அறைக்கு ஓடினேன். மகள் அங்கே இல்லை, அவள் கல்லூரிக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். கீழே பால் பொங்கி வழிந்துவிட்டது.

அடுத்த வாரம் உனக்கு வருஷ திதி. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

நீ எனக்குச் செய்தவற்றை நான் மறுக்கவில்லை. அப்பா போன பிறகு நீ எலக்ட்ரிகல் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில்தான் என்னை டைப்பிங் படிக்க வைத்தாய். கலெக்டர் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்த அன்று கடைவீதி முழுக்க இனிப்புக் கொடுத்தாய். எல்லாம் நினைவில் இருக்கிறது. நீ யாரோ ஒரு கடைக்காரனாக இருந்திருந்தால் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு இந்நேரம் மறந்திருப்பேன்.

நீ சொந்தமாகக் கடை திறந்த புதிதில், ஒரு மத்தியானம் உனக்குச் சாப்பாடு எடுத்து வந்திருந்தேன். ஒருவன் மலிவு விலை ஒயர்ச் சுருள்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தான். நீ ஒரு சுருளைப் பிரித்து, நுனியைச் சீவி, உள்ளே இருந்த கம்பியைக் கத்தியால் சுரண்டினாய். செம்பு நிறம் போய் அலுமினிய வெள்ளை தெரிந்தது. சுருளைத் தூக்கித் தெருவில் எறிந்தாய். "கரண்டுக்கு ஆளு தெரியாதுடா, எடுத்துக்கினு போ" என்றாய். நான் அதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன் தெரியுமா? தெரியாமல் விற்றுவிட்டாய் என்று உனக்காகப் பொய் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லாமல் செய்தது அந்த மத்தியானம்தான்.

நாங்கள் வேங்கிக்காலில் வீடு கட்டியபோது, "ஒயரு, சுவிட்ச்சு எல்லாம் அண்ணன் சீரு. நீ வாயத் தொறக்காத பாப்பா" என்றாய். ஆட்டோ நிறையச் சுருள்களை ஏற்றி அனுப்பினாய். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மச்சான் சீர் என்று அதைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினார். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏழுமலை தினமும் பஸ் ஏறி வந்து ஒயரிங் செய்தார். நீ அனுப்பி வைத்த ஆள்தான். மாடி அறைக்கு ஏசி போட லைன் இழுத்து வைக்கச் சொன்னேன். வாங்க இரண்டு வருஷம் ஆனது.

வாங்கிய கோடையில், மகள் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, பட்டப்பகலில் அந்தச் சுவர் எரிந்தது. சுவிட்ச் பெட்டி உருகிப் பக்கத்து அலமாரியில் தீ பிடித்து, அறை முழுக்கக் கறுப்புப் புகை. என் வீட்டுக்காரர் உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். வரும் வழியில் எரிகிற அலமாரிக் கதவை வலது கையால் தள்ளியிருக்கிறார். உள்ளங்கைத் தோல் அப்படியே வந்துவிட்டது. புண் ஆறிய பிறகும் விரல்கள் மடங்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்கிற கை, அண்ணா.

ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவன் நீ. அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாய்.

"கனெக்ஷன லூஸா வுட்டுருக்கான் பாப்பா அந்த ஏழுமலை. ஸ்குரூ முறுக்கத் தெரியாதவனையெல்லாம் நம்பிட்டோம்."

இரண்டு நாள் கழித்து ஏழுமலை தானாகவே வந்தார். வாசலிலேயே அவரை நிறுத்தினேன். நீயும் அங்கே இருந்தாய்.

"நான் முறுக்கனது முறுக்கனபடி இருக்குதும்மா. ஒயரு உள்ளயே எரிஞ்சிகினு வந்திருக்குது. ஒரு துண்டு வெட்டிப் பாருங்க" என்றார்.

"ஏன்டா, என் சரக்கயே குத்தம் சொல்றியா?" என்றாய் நீ.

நான் உன்னைவிட ஒரு படி மேலே போனேன். "பண்றதையும் பண்ணிட்டு எங்கண்ணன் மேல பழி போடறியா? இந்தத் தெருவுல இனிமே கால வெக்காத." தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் என்னை விட்டுவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நீ செல்போனை எடுத்து யாருக்கோ பேசினாய். அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. வாய் ஓயாமல் மூன்று வீட்டில் நானே போய்ச் சொன்னேன்.

திரும்ப ஒயரிங் செய்யப் போளூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய ஒயரை உருவிப் போட்டவர் என்னைக் கூப்பிட்டார். "மேல நாலு எம்எம்னு போட்டிருக்குது. உள்ள ரெண்டரைகூட தேறாதுங்க" என்றார். நுனியைச் சீவிக் கத்தியால் சுரண்டினார். வெள்ளை தெரிந்தது.

"வேல செஞ்சவரு சுத்தமா செஞ்சிருக்காரும்மா. லோடு ஏறினா கரண்ட கட் பண்ற ட்ரிப்பர், நாலு எம்எம்முக்கு எது போடணுமோ அதத்தான் போட்டிருக்காரு. உள்ள இருக்கிறது டூப்ளிகேட்னு ட்ரிப்பருக்கு எப்படித் தெரியும்?"

அந்தத் துண்டோடு உன் கடைக்கு வந்தேன். அண்ணி கல்லாவில் இருந்தாள். "வா பாப்பா, டீ சொல்றேன்" என்றாய். துண்டை மேஜையில் வைத்தேன். நீ அதை எடுத்துப் பார்க்கவில்லை. அது என்ன என்று கேட்கவும் இல்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனாலும் நீ பேசினாய்.

"உனக்குன்னு ஒரிஜினல்தான் எடுத்து வெச்சேன். லாட்ஜ் கட்றவரு ஒருத்தரு அவசரமா கேட்டாரு, பெரிய பார்ட்டி. தூக்கிக் குடுத்துட்டேன். கையில இருந்தது இதான்."

"நாலு எம்எம் எதுக்குப் போடறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"ஏசிக்குதான். நீங்க எங்க ஏசி வாங்கப் போறீங்கன்னு நெனச்சேன்."

இதை நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். வேன் டிரைவர் பொண்டாட்டிக்கு இது போதும் என்று ஓர் அளவு வைத்திருந்தாய். அந்த அளவை மீறி நாங்கள் ஒரு பொருள் வாங்கியதுதான் உன் கணக்கில் தப்பு. அண்ணி பக்கத்திலிருந்து, "சும்மா குடுத்த பொருளுக்கு இவ்ளோ பேச்சா?" என்றாள். நீ அவளை அடக்கவில்லை.

ஏழுமலையிடம் வந்து உண்மையைச் சொல் என்று கேட்டேன். அது ஒன்றுதான் கேட்டேன். "சொல்றேன், சொல்றேன். இந்தப் பௌர்ணமி போவட்டும். கிரிவலக் கூட்டம் ஜாஸ்தியா இருக்குது" என்றாய்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். நான் வந்து கத்தியதால்தான் உன் உயிர் போனது என்று அண்ணி எல்லோரிடமும் சொன்னாள். சித்தப்பா வீட்டில் இன்றுவரை அதை நம்புகிறார்கள். நானே சில நாள் நம்பினேன். பிறகு என் வீட்டுக்காரர் ஒரு காலையில் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நம்புவதை நிறுத்திவிட்டேன். வேன் ஓட்டிய அதே பள்ளிக்கூடத்தில் அவர் இப்போது கேட்டில் நிற்கிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொன்னதில்லை. நல்லதாகவும் சொன்னதில்லை.

உன் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துக் கீழ்பென்னாத்தூர் போனேன். ஏழுமலை மாமனார் நிலத்தில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கடலையை உதறிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, எங்கள் அண்ணனுடையது என்றேன். நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

"இங்க வந்து எங்கிட்ட சொல்லி இன்னாங்க பண்றது? எந்தத் தெருவுல சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அந்த மூன்று வீட்டுக்கும் அவரோடு படியேறினேன். "இவர் வேலையில குத்தம் இல்ல. எங்கண்ணன் குடுத்த ஒயர் டூப்ளிகேட்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். கடைசி வீட்டு அம்மா யோசித்துவிட்டு, "அப்ப எங்க வீட்டுக்கும் உங்கண்ணன் கடை ஒயருதானேம்மா?" என்றாள். ஏழுமலை ஸ்குரூடிரைவரை எடுத்துச் சுவிட்ச் பலகையைத் திறந்தார். உள்ளே அதே ஒயர். அந்த அறையில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில், நான் வேலை பார்க்கிற அதே கட்டடத்தில், வரிசையில் நின்று, உன் கடை ஒயரைப் பற்றி மனு கொடுத்தேன். செத்தவனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று உறவில் பேசினார்கள். அண்ணியின் தம்பி இப்போது கடையில் உட்கார்ந்திருக்கிறான். வாசலில் மாலை போட்ட உன் படம் மாட்டியிருக்கிறது. மனு விசாரணையில் இருக்கிறது. சிரித்த முகமாக எல்லோருக்கும் உதவிய மனிதன் என்று இன்னும் உன்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லட்டும்.

எனக்கு ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும், பேச்சோடு பேச்சாக, சுவிட்ச் பலகைமேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன், சுடுகிறதா என்று. டூப்ளிகேட் ஒயர் என்றால் ஏசி ஓடும்போது சுடும். கல்யாண மண்டபத்தில், ஆபீஸில், மகளின் கல்லூரித் தோழி வீட்டில். மகள் வெட்கப்படுகிறாள். விட முடியவில்லை.

ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன் காரியத்தன்று உன் வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்களுக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று கூடத்திலும் படுக்கையறையிலும் இரண்டு ஏசியையும் காலையிலிருந்து ஓடவிட்டிருந்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போன நேரம் நான் எழுந்து போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். முதலில் கூடத்தில். பிறகு படுக்கையறையில்.

இரண்டு பலகையும் சில்லென்று இருந்தன, அண்ணா.